கோதுமை விட்ட வீடு

ஏப்ரல் 19, சனி

டாக்டர் நஸ்ரின் இந்த நோட்டைக் கொடுத்து, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், வயிறு என்ன செய்தது என்று தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். "வேற எது தோணினாலும் எழுதுங்க சார், குத்தமில்ல" என்றார். வேறு எதுவும் எனக்குத் தோன்றாது. ஆனாலும் முதல் பக்கம் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன்.

பெயர் பால்வண்ணநாதன். வயது நாற்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மனைவி காந்திமதி தபால் ஆபீசில் கவுண்டரில் இருக்கிறாள். ஒரே மகள் தாரணி. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள்.

கோதுமை, மைதா, ரவை மூன்றையும் விட்டு இன்றோடு பதினொரு மாதம். அதற்கு முன்னால் பரோட்டா தின்றால் வயிறு பானை மாதிரி உப்பும். சப்பாத்தி தின்றால் மறுநாள் காலை வரை உருளும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் சதை எடுத்தும் பார்த்தார்கள். கோதுமையால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய் இல்லை என்றார்கள். அப்படியென்றால் என் வயிறு பொய் சொல்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வயிறு பொய் சொல்லாது சார். ஆனா யார் மேல குத்தம்னு அதுக்குத் தெரியாது" என்றார்.

அதற்குத்தான் இந்தச் சோதனை. பொரி, எள், வெல்லம் சேர்த்து, கடலை மிட்டாய் மாதிரித் துண்டு போட்டுத் தருகிறார்கள். ஒரு வாரம் சிவப்புத் தாள் சுற்றியது, ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் பச்சை. நடுவில் ஒவ்வொரு வாரம் ஓய்வு. எதற்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, கொடுக்கும் நர்சுக்கும் தெரியாது. முறை சரியானதுதான். ஆய்வகத்திலும் இப்படித்தான் செய்வோம். முடிவு என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரியும், அது வேறு விஷயம்.

வீட்டில் கோதுமைக்கு எதிராக இப்போது இரண்டு ஓட்டு. ஜனவரியில் தாரணியும் என் பக்கம் வந்துவிட்டாள். காந்திமதி தனக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி போட்டு அடுப்படியிலேயே நின்று தின்கிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை 8.10. சிவப்பு, முதல் துண்டு. இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி. 10.40க்கு உப்புசம் தொடங்கியது. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன். மதியம் சோறு, சின்ன வெங்காயச் சாம்பார், அவரைக்காய். மூன்று மணி வரை உட்கார முடியவில்லை. ஸ்டோர் ரூமுக்கும் எடை பார்க்கும் பேலன்ஸ் ரூமுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சிவப்பு, இரண்டு. உப்புசம், ஏப்பம், இடப்பக்கம் இழுப்பு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை. எனக்கு நான்கு. தாரணிக்கு அரை. உளுந்தும் ஒத்துக்கொள்ளவில்லையாம். உளுந்தில் குளூட்டன் கிடையாதும்மா, அது கோதுமையில் இருக்கும் புரதம் என்று விளக்கினேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. ஆனா வயிறு கேக்க மாட்டேங்கே" என்றாள்.

நான் பேசுவது போலவே பேசுகிறாள். சிரிப்பு வந்தது. காந்திமதி சிரிக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மிக மோசமான நாள். சிவப்புத் துண்டு சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தில் வயிறு முறுக்கி இழுத்தது. வியர்த்துவிட்டது. முதுகலை மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஸ்டோர் ரூம் பெஞ்சில் படுத்தேன். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வலித்தது. ஆனால் மனசுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது, மறைப்பானேன். பதினொரு மாதமாக மைத்துனன் முதல் கேண்டீன்காரர் வரை கேலி செய்தவர்களுக்கு இதுதான் பதில். சிவப்புத் தாளுக்குள் இருப்பது கோதுமை. சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காந்திமதியிடம் சொன்னேன்.

"இவ்வளவு வலிக்குன்னா அந்த டாக்டரம்மாட்ட சொல்லிட்டு நிப்பாட்டுங்க" என்றாள்.

"பாதியில நிப்பாட்டினா அது சோதனையா? முடிச்சுத்தான் ஆகணும்."

அவள் துணி மடித்து முடித்தாள். பிறகு, "தாரணி மத்தியானம் என்ன சாப்ட்டான்னு கேட்டீயளா?" என்றாள்.

நான் மதியம் வீட்டில் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்.

மலம் இரண்டு முறை, இளகல். வலி பத்துக்கு எட்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

சிவப்பு, கடைசித் துண்டு. வலி ஆறு.

தென்காசியில் மைத்துனன் மகன் கல்யாணத்து மறுவீடு. சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால், முருங்கைக்காய், இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குச் சிப்ஸ். கோதுமை எதிலும் இல்லை, சமையல்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். தாரணி இலையில் இஞ்சிப் பச்சடியை மட்டும் தொட்டாள். "சொதியக் கெட்டியாக்க மைதா கரைச்சு ஊத்திருப்பாங்கப்பா" என்றாள். அவ்வளவு கவனம் எனக்குக்கூட வராது.

மைத்துனன் மனைவி அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "பிள்ளை என்ன இப்படி வத்திப் போயிட்டா?" என்றாள். நான்தான் பதில் சொன்னேன். கோதுமையை விட்டால் தேவையில்லாத நீர் எல்லாம் வடிந்துவிடும், உடம்பு இறுகும் என்று. நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாரணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பும்போது வேனில் ஏசி போட்டார்கள். அவள் ஸ்வெட்டர் கொண்டு வந்திருந்தாள். ஏப்ரல் மாதம் தென்காசிக்கு ஸ்வெட்டர். முன்யோசனைக்காரி.

மே 1, வியாழன்

ஓய்வு வாரம். துண்டு இல்லை. வயிறு அமைதி. லீவு நாள் என்பதால் வீட்டு வேலை பார்த்தேன். மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். குளியலறையில் தண்ணீர் தேங்கி நின்றது. ஜல்லடையைக் கழற்றினால் கை நிறைய முடி. காந்திமதிக்கு நரைத்த முடி. இது கறுப்பு. பாளையங்கோட்டைத் தண்ணீரில் இப்போது குளோரின் அதிகம். திங்கட்கிழமை ஒரு சாம்பிள் எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும்.

மே 5, திங்கள்

நீலம், முதல் துண்டு. ஒன்றும் இல்லை.

தண்ணீரும் சோதித்தேன். குளோரின் சரியாகத்தான் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

மே 8, வியாழன்

நீலம், நான்கு. ஒன்றும் இல்லை. உப்புசம் பத்துக்கு ஒன்று, அதுவும் மதியம் மொச்சை தின்றதால்.

ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கும் பிளாங்க் என்று ஒன்று வைப்போம். பார்க்க வேண்டிய பொருளைப் போடாமல் மற்றது எல்லாம் போட்டுச் செய்து பார்ப்பது. அதோடு ஒப்பிட்டால்தான் முடிவுக்கு மதிப்பு. நீலம் அந்தப் பிளாங்க். வெறும் பொரியும் வெல்லமும். நர்சிடம் இப்போதே சொல்லிவிடலாம் போல இருக்கிறது.

மே 10, சனி

தாரணியும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். மொட்டைமாடியில் வற்றல் எடுக்கப் போனபோது அவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டதும் காட்டிவிட்டாள். என்னுடையதைப் போலவே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாள். நேரம், உணவு, குறிப்பு. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது.

பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒத்துக்கொள்ளாதவை என்று பட்டியல். கோதுமை, மைதா, ரவை, பால், தயிர், உளுந்து, தேங்காய், கிழங்கு, வாழைப்பழம், ராத்திரிச் சோறு. என் பட்டியலில் மூன்றுதான். சில நாட்களுக்கு உணவுக் கட்டத்தில் மோர் என்று மட்டும் இருந்தது. ஏப்ரல் பாதிக்கு மேல் மோரும் இல்லை. குறிப்புக் கட்டத்தில் வயிற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. சின்னதாய் ஒரு நட்சத்திரம், சில நாள் இரண்டு.

"நட்சத்திரம் எதுக்கும்மா?"

"சும்மாப்பா. நல்ல நாளுக்கு."

மோர் மட்டும் எழுதிய நாளில் இரண்டு நட்சத்திரம் இருந்தது. நோட்டை அழகாக வைத்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வற்றலை அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

நீலம், ஆறு. ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனை வரை மூன்று தடவை போய் வந்தேன்.

மே 12, திங்கள்

ஓய்வு வாரம் தொடக்கம். வயிறு பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத விருப்பமில்லாதது ஒன்று இருக்கிறது. டாக்டர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

காந்திமதி ஆபீஸ் முடிந்து நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டாள். இருபது வருடத்தில் அங்கே வந்ததில்லை. வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"மூணு மாசமா அவளுக்கு வரல. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எது என்று புரியச் சற்று நேரம் ஆனது. பரீட்சை டென்ஷனாக இருக்கும் என்றேன்.

"பரீட்சை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. நான் சோறு வச்சா அதுல இது இருக்கு அது இருக்குங்கா. கேட்டா அப்பா சொல்லிருக்காருங்கா. நான் அதட்டினா அவ அழுதா, அவ அழுதா நான் அழுதேன். என் பேச்ச எடுக்க மாட்டா. உங்களத்தான் பாத்துக்கிட்டே இருக்கா, நீங்க எதத் தொடுதீய, எத ஒதுக்குதீயன்னு."

"நான் அவளச் சாப்பிடாதன்னு சொன்னேனா?"

"சொல்லல. ஒரே ஒரு நாள் அவ முன்னால உக்காந்து ஒரு சப்பாத்தி சாப்பிடுங்க. அது போதும் எனக்கு."

சோதனை நடந்துகொண்டிருக்கிறது, இடையில் கோதுமை தின்றால் ஐந்து வாரம் வீண், இருபத்தைந்தாம் தேதி முடிந்ததும் பார்க்கலாம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போயிருக்கலாம். பியூரெட் ஸ்டாக் சரிபார்ப்பு பாதியில் கிடந்தது.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. தாரணி 478. பள்ளியில் இரண்டாவது. காந்திமதி அல்வா வாங்கி வந்தாள். அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது என்பதை இருவருமே அவளுக்குச் சொன்னோம். அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மே 19, திங்கள்

பச்சை, முதல் துண்டு. நான்கு மணி நேரம் கழித்து உப்புசம். வலி நான்கு. காற்று அதிகம்.

மே 20, செவ்வாய்

பச்சை, இரண்டு. கணக்கு வைக்கவில்லை.

11.20க்குப் பள்ளியிலிருந்து போன். தற்காலிக மதிப்பெண் பட்டியல் வாங்கப் போன தாரணி மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உடற்கல்வி ஆசிரியை அமலி அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் சில்லென்று இருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

ஆட்டோவில் போகும்போது அமலி டீச்சரும் வந்தார்.

"சார், மார்ச்லேருந்தே இவ ஓட மாட்டேங்கா. கோ-கோ டீம்ல இவதான் வேகம். உங்களுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன்."

பண்ணினார். நினைவு இருக்கிறது. இரண்டாவது தடவை பத்து நிமிடம் குளூட்டனைப் பற்றி விளக்கினேன். அவர் மகனுக்கும் மைதாவை நிறுத்தச் சொன்னேன்.

அட்மிட் செய்துவிட்டார்கள். நாடித் துடிப்பு மிகவும் மெதுவாக இருக்கிறது என்று ஈசிஜி எடுத்தார்கள். பொட்டாசியம் குறைவு. பொட்டாசியம் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம். சேலைன் ஏறும்போது கையைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை போய்விட்டு வருகிறது.

காந்திமதி வந்தாள்.  தாரணியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உட்கார இன்னொரு நாற்காலி இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. வார்டு வாசலிலிருந்து லிஃப்ட் வரை நாற்பத்தொரு அடி.

மே 21, புதன்

துண்டு சாப்பிடவில்லை. அதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில்தான் டாக்டர் நஸ்ரின். சோதனையை நிறுத்துகிறேன் என்று சொல்லப் போனேன். மகள் கீழே வார்டில் இருப்பதைச் சொன்னேன். உட்காரச் சொல்லி, நோட்டைக் கேட்டார்.

இருபது நிமிடம் வாசித்தார். நடுவில் ஒரு நோயாளியை வெளியே காத்திருக்கச் சொன்னார். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். என் வலி எண்களுக்குப் பக்கத்தில் கோடு போடுகிறார் என்று நினைத்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தேன். அரைத் தோசை. இஞ்சிப் பச்சடி. ஸ்வெட்டர். முடி. நட்சத்திரம். பத்துப் பன்னிரண்டு இடம்.

"சார், எல்லாத்தயும் பாத்திருக்கீங்க" என்றார். 

ஓய்வெடுத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள், முடிவை அப்போது பேசலாம் என்றார். இப்போதே சொல்லுங்கள் என்றேன். அவர் தயங்கினார். பிறகு அலமாரியைத் திறந்து ஒட்டியிருந்த உறையைக் கிழித்தார்.

நீலம்தான் குளூட்டன். கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த சுத்தமான குளூட்டன், ஒரு நாளைக்கு நாலைந்து சப்பாத்தியில் இருக்கும் அளவு. ஏழு நாளும் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

பச்சை ஃப்ரக்டான். கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஒருவகைச் சர்க்கரை. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்துக் காற்றாகும். எல்லோருக்கும் ஆகும், சிலருக்குக் கூடுதலாகத் தெரியும். நான் அந்தச் சிலரில் ஒருவனாக இருக்கலாம், இரண்டு நாளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பதினொரு மாதமாகச் சின்ன வெங்காயச் சாம்பாரைத் தொடாமல் இருந்ததில்லை நான்.

சிவப்பில் ஒன்றும் இல்லை. பொரி, எள், வெல்லம்.

ஸ்டோர் ரூம் பெஞ்சில் வியர்க்க வியர்க்கப் படுத்திருந்தது பொரிக்கும் வெல்லத்துக்கும்.

"அப்ப நான் நடிச்சேனா டாக்டர்?"

"இல்ல. வலிச்சது நெசம். வலி வரும்னு எதிர்பாத்துக்கிட்டே இருந்தா, குடல் இறுகும், சாதாரணமா ஓடுற காத்துகூடக் கத்தி மாதிரித் தெரியும். மூளைக்கும் குடலுக்கும் அவ்வளவு நரம்பு போகுது. உங்கள மாதிரி வர்றவங்கள்ல நெறயப் பேருக்கு இப்படித்தான். இது அவமானம் இல்ல சார்."

அவமானமாகத்தான் இருந்தது. மூன்று மாடியும் படியிறங்கி வந்தேன். வார்டுக்குள் போகாமல் ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தேன். இரண்டாவது சுற்றில் காந்திமதி கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

மே 22, வியாழன்

நேற்றுச் சொல்லவில்லை. நர்ஸ் இருந்தாள், பிறகு தாரணி தூங்கிவிட்டாள், பிறகு டிரிப் மாற்றினார்கள். இன்று காலை காந்திமதி குளிக்க வீட்டுக்குப் போனதும் சொன்னேன். எழுதிவைத்து ஒப்பிப்பது போல வந்தது. சிவப்பு, நீலம், பச்சை. அப்பா தப்பாச் சொல்லிட்டேன்மா, கோதுமை என்னை ஒண்ணும் செய்யல.

தாரணி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப உங்களுக்கு வலிச்சது?"

"வலிச்சது நெசம்தான். காரணம்தான் தப்பு."

"சரிப்பா."

அவ்வளவுதான். அவள் எழுந்து உட்காருவாள், சாப்பிடக் கேட்பாள் என்று நான் நினைத்திருக்க வேண்டும். ட்ரேயில் இட்லி ஆறிக் கிடந்தது. "அதான் ஒண்ணும் செய்யாதுன்னு தெரிஞ்சு போச்சுல்லா, இனி நீயும் சாப்பிடலாம்லா" என்றேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். கன்னத்து எலும்பு எப்போது இப்படி வெளியே வந்தது.

"எனக்கு வயிறு வலிக்கவே இல்லப்பா. ஒரு நாளும் வலிக்கல."

நான் இட்லி ட்ரேயை நகர்த்தி வைத்தேன்.

"சாப்பாடு வேண்டாம்னு நான் சொன்னா அம்மா அழுவா. கோதுமை ஒத்துக்கலன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா அது சயின்ஸு. அதான் உங்க பேரச் சொன்னேன்."

"எதுக்கும்மா?"

 போர்வை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"தெரியல. மாடல் எக்ஸாம்ல கணக்குல கொறஞ்சுது. எவ்வளவு படிச்சாலும் மண்டைல நிக்கல. சாப்பிடாம இருந்தது ஒண்ணுதான் நெனச்சபடி நடந்துச்சு. ஒவ்வொண்ணா விட்டேன். இப்ப சாப்பிடாம இருக்கறத விட முடியல, அதத்தான் விட முடியல. தட்டப் பாத்தா பயமா இருக்குப்பா."

பதினொரு மாதம் தட்டைப் பார்த்துப் பயந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. விளக்கம் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

மே 26, திங்கள்

மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். ஐம்பது வயது அம்மா, குரல் மெல்ல. இது பிடிவாதம் இல்லை, நோய், மாதக்கணக்கில் ஆகும் என்றார். எங்களுக்கு மூன்று விதி. சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. அவள் தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. நேரம் தவறக் கூடாது.

"கோதுமைல ஆரம்பிச்சு வச்சது நான்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"கதவு எதுவா வேணாலும் இருந்திருக்கும் சார். நீங்க அந்தக் கதவ மூடுங்க, அது போதும்" என்றார். என்னைக் குற்றத்திலிருந்து விடுவித்தாரா இல்லையா என்று இன்னும் புரியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஜூன் 4, புதன்

காந்திமதி சப்பாத்தி போட்டாள், மூன்று தட்டிலும். ஒரு வருடத்துக்குப் பிறகு, தெரிந்தே, கோதுமை என் வாயில். தாரணி எதிரே உட்கார்ந்திருந்தாள். முதல் வாய் விழுங்கியதும் வயிற்றுக்குள் பழைய இறுக்கம் அப்படியே எழுந்தது. காரணம் தெரிந்த பிறகும் எழுந்தது. நெற்றியில் வியர்வை. துடைத்தால் அவள் பார்ப்பாள் என்று துடைக்கவில்லை. ஆபீசில் மணியார்டர் பாரம் தீர்ந்துபோனதைப் பற்றிக் காந்திமதி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். இரண்டு தின்று முடித்தேன்.

தாரணி கால் பங்கு. அதற்கு முப்பது நிமிடம். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொண்டு மென்றாள். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மனநல மருத்துவருக்குப் போன் செய்தோம். அப்படித்தான் இருக்கும் என்றார்.

ஜூன் 14, சனி

வெந்தயப் பாத்திரத்துக்குப் பின்னால், நேற்று தாரணிக்குக் கொடுத்த முட்டை தாளில் சுற்றி ஒளித்துவைத்திருந்தது. காந்திமதிதான் கண்டுபிடித்தாள். நான் கத்திவிட்டேன். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். தாரணி கதவைச் சாத்திக்கொண்டாள். காந்திமதி என்னை மாடிக்கு அனுப்பினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கீழே வந்து கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். உள்ளேயிருந்து, "சரிப்பா, அம்மாவுக்கு டீ போடுங்க" என்று குரல் வந்தது.

ஜூன் 23, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மதிய உணவை அமலி டீச்சர் தன்னோடு உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிறார். ஓடுவதற்கு இன்னும் அனுமதி இல்லை. மைதான ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறாளாம்.

அவளுடைய பழைய நோட்டை மனநல மருத்துவரிடம் அவளே கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியாது, காந்திமதி சொன்னாள்.

ஜூலை 3, வியாழன்

போன வாரம் டாக்டர் நஸ்ரின் கூப்பிட்டுப் பேசினார். வெங்காயத்தையும் பூண்டையும் அளவாக வைத்துக்கொண்டால் போதும், கோதுமை சாப்பிடலாம், அதிகமானால் கொஞ்சம் காற்று வரும், வரட்டும் என்றார். "இனி டைரி வேண்டாம் சார், நிறுத்திருங்க" என்றார். இந்த வாரம் முழுக்க நோட்டைத் திறக்கவில்லை. இன்று மட்டும் இதை எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நிறுத்தச் சொன்னதை நிறுத்தவில்லை. இது கடைசி.

சாயங்காலம் தாரணியை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வரும் வழி. எடை கூடியிருக்கிறது, எவ்வளவு என்று அவளிடம் சொல்வதில்லை, எங்களையும் கேட்க வேண்டாம் என்கிறார்கள். ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல கூட்டம். இரண்டு பஸ் நிற்காமல் போய்விட்டது. அவள் ஏதோ முணுமுணுத்தாள். ஹார்ன் சத்தத்தில் கேட்கவில்லை. குனிந்தேன்.

"பசிக்கிப்பா" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள், பஸ் வரவில்லை என்று சொல்வது போல.

ஜனவரியிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டதில்லை. என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று தட்டுத்தடுமாறி, "சரி, அந்தக் கடைக்குப் போவமா?" என்றேன். தள்ளுவண்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து வகைப் பலகாரம் அடுக்கியிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பின்னால் வந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், கொஞ்சம் பொறுங்கள் என்று கண்ணால் கேட்டுக்கொண்டேன். ஒன்றைக் காட்டினாள். காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்.

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வரும் பஸ்களின் பலகையை ஒவ்வொன்றாக வாசித்தேன். சங்கரன்கோவில். பாபநாசம். திசையன்விளை. எங்கள் பஸ் வந்தது. போகவிட்டேன். அடுத்ததும் வந்தது.

முழங்கையில் லேசாக இடித்தாள். காகிதத்தில் பாதி மிச்சம் இருந்தது.

"போதும்ப்பா. இத நீங்க சாப்பிடுங்க."

வாங்கிச் சாப்பிட்டேன். சூடாக இருந்தது. எந்த மாவு என்று கடைக்காரரிடம் கேட்கவில்லை.